பழைய பிக்கப் வண்டியின் ஏசி: கசிவைத் தேடுவதிலிருந்து கேஸ் நிரப்புவது வரை முழுமையான வழிகாட்டி

சித்திரை பிறந்ததும் சென்னை ஏசி பட்டறைகளில் அதிகம் கேட்கும் வாக்கியம், "கூலிங் இல்ல, கொஞ்சம் கேஸ் அடிச்சு விடுங்க" என்பதுதான். ஆனால் ஏசிக்குள் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் டீசலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குப் பத்து, இருபது கிராம் போவது இயல்பு. பல வருடம் தொடாத வண்டியில் கூலிங் மெதுவாகக் குறைந்தால் அதைக் காரணமாகச் சொல்லலாம். போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் காலி என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் அடிப்பது பணத்தைக் காற்றில் விடுவது.

பொலேரோ கேம்பர், டாடா ஸீனான், ஸ்கார்பியோ கெட்அவே, பழைய டி-மேக்ஸ் போன்ற, ஆர்-134ஏ கேஸில் ஓடும் டீசல் பிக்கப்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வேலையின் வரிசை இது: முதலில் கேஸுக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள், பிறகு அழுத்தம், கசிவு, பழுது, வேக்யூம் (உள்ளே உள்ள காற்றை பம்பால் இழுத்து எடுப்பது), கடைசியாக எடை பார்த்து கேஸ். நடுவில் ஒன்றைத் தாண்டினால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

1. கேஸ் மேல் பழி போடுவதற்கு முன்

பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரைப் பாருங்கள். கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றும் வண்டியில் புழுதியும் பூச்சியும் அப்பியிருக்கும். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வண்டியில் உப்பு. 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சந்தில் சேறு இறுகிப்போய் இருக்கக்கூடும். முன்னாலிருந்து பார்த்தால் அது தெரியாது. மேல் பிராக்கெட் போல்ட்டைக் கழற்றி, குழாயைத் திறக்காமலேயே கண்டென்சரை ஒரு விரல் அளவு முன்னால் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

கழுவும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாதாரணத் தோட்டக் குழாய் போதும்; தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுமாறு அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை அருகில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்றுப் பாதை நிரந்தரமாக அடைபடும்.

அடுத்து விசிறி. ஏசி சுவிட்சைப் போட்டதும் கண்டென்சரின் மின்விசிறி சுற்ற வேண்டும்; காற்றை இன்ஜின் பக்கமாகத் தள்ள வேண்டும். மோட்டார் மாற்றியபோது வயரைத் திருப்பிக் கொடுத்திருந்தால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். ஒரு காகிதத்தைக் கிரில் முன்னால் பிடித்தாலே தெரிந்துவிடும்: உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும், வெளியே பறக்கக் கூடாது. இன்ஜின் முன்னால் விஸ்கஸ் ஃபேன் (சிலிகான் ஆயிலின் பிடிப்பில் சுற்றும் விசிறி) உள்ள வண்டியில், இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று சுழன்றால் உள்ளே சிலிகான் ஆயில் போய்விட்டது. கத்திப்பாரா பாலத்தில் ஓடும்போது ஜில்லென்று இருந்து, கிண்டி சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாக வந்தால், முதல் சந்தேகம் கேஸ் அல்ல, இந்த விசிறிதான்.

சென்னையில் பலரும் மறக்கும் ஒன்று ஹீட்டர் வால்வு. இங்கே யாரும் ஹீட்டரைப் போடுவதில்லை. அதனால் அதன் கேபிளும் வால்வும் வருடக்கணக்கில் அசையாமல் பாதி திறந்த நிலையில் இறுகிவிடும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் குளிரவைத்த காற்றை ஹீட்டர் காயில் உடனே சூடாக்கும். இன்ஜின் சூடானபின், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். வால்வு ஹோஸிலேயே இருக்கும் வண்டியில், வால்வை மூடியபின் உள்ளே போகும் பக்கம் ஆற வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு ஹோஸைக் கிளாம்ப் வைத்து அழுத்தி, பத்து நிமிடம் ஏசியை ஓட்டுங்கள். காற்று திடீரென்று குளிர்ந்தால், கேஸுக்குச் செலவழிக்க இருந்த பணம் மிச்சம்.

கேபினுக்குள் வெளிக்காற்று வருகிறதா என்பதையும் பாருங்கள். கதவு பீடிங் கிழிந்திருப்பது, ஃபயர்வாலில் வயர் போகும் ஓட்டையின் ரப்பர் காணாமல் போயிருப்பது, உள்காற்றைச் சுழற்றும் ஃபிளாப் முழுவதும் மூடாதது — பழைய பிக்கப்பில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும். மதிய வேளையில் கடற்காற்று கொண்டுவரும் ஈரம் உள்ளே வந்துகொண்டே இருந்தால், கூலிங் காயிலின் சக்தியில் பெரும்பங்கு அந்த ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே போய்விடும். ஃபிளோ குறைவாக இருந்தால் புளோயரைக் கழற்றி கூலிங் காயிலின் முகத்தைப் பாருங்கள். கேபின் ஃபில்டர் இல்லாத வண்டிகளில் தூசியும் தலைமுடியும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். காலடியில் தண்ணீர் சொட்டினால் டிரெயின் ஹோஸ் அடைத்திருக்கிறது. கீழிருந்து மெதுவாகக் காற்று அடித்தால் போதும்.

2. கம்ப்ரஸர் கிளட்ச் ஒட்டுகிறதா?

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு, கம்ப்ரஸரை பெல்ட் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்சின் முன்தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். பெல்ட் கிறீச்சிட்டால் இழுவையைப் பாருங்கள்; நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும்.

கிளட்ச் ஒட்டவே இல்லையென்றால் ஃபியூஸ், பிறகு ரிலே. பின் அமைப்பு ஒத்துப்போனால் ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டு ஒரு நொடியில் சோதித்துவிடலாம். பிறகு கிளட்சின் காந்தக் காயில் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள்: 12 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். கனெக்டரைக் கழற்றிக் காயிலை அளந்தால் 3 முதல் 5 ஓம். ஓம் சரியாக இருந்தும் ஒட்டவில்லையென்றால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

காலையில் நன்றாக ஓடி, மதியம் கிளட்ச் கழன்று, சாயங்காலம் மறுபடி ஒட்டுகிறதா? பெரும்பாலும் இடைவெளி அதிகமாகிவிட்டது. முன்தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைத்தால் 0.4 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். தேய்ந்து 1 மி.மீ. தாண்டியிருந்தால், காயில் சூடேறி காந்தசக்தி குறையும்போது தட்டை இழுத்துப் பிடிக்க முடியாது. பல கம்ப்ரஸர்களில் நடு நட்டைக் கழற்றி, உள்ளே உள்ள மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்தால் சரியாகிவிடும். இதற்குக் கேஸை இறக்கவே வேண்டாம். "கம்ப்ரஸர் போச்சு" என்று சொல்லி மாற்றப்படும் பல கம்ப்ரஸர்களின் உண்மையான நோய் இதுதான்.

கிளட்சுக்குக் கரண்டே வராமல் இருக்க இன்னொரு காரணம் பிரஷர் சுவிட்ச். உள்ளே அழுத்தம் சுமார் 28 பவுண்டுக்குக் கீழே போனாலும், 450 பவுண்டைத் தொட்டாலும் அது கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கேஜில் பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்கும் அளவையே பட்டறையில் பவுண்டு என்கிறார்கள். இந்தச் சுவிட்சை வயர் போட்டு நேரடியாக இணைத்து ஓட்டாதீர்கள். கம்ப்ரஸருக்கு ஆயிலைக் கொண்டுவருவதே சுற்றிவரும் கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரஸர் வறண்டு தேய்ந்து, அதன் உலோகப் பொடி எல்லாக் குழாய்க்குள்ளும் போய்விடும்.

3. கருவிகள், பாதுகாப்பு

லோ (குறைந்த அழுத்தம்), ஹை (அதிக அழுத்தம்) இரண்டு கேஜ் உள்ள மேனிஃபோல்ட் செட், இரண்டு ஸ்டேஜ் வேக்யூம் பம்ப், ரெகுலேட்டரோடு நைட்ரஜன் சிலிண்டர், 5 கிராமாவது துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு, மல்டிமீட்டர், பச்சை நிற எச்என்பிஆர் ரப்பர் ஓ-ரிங் செட், பாத்திரம் துலக்கும் லிக்விட் கலந்த தண்ணீர், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. இவற்றில் பலரும் தவிர்ப்பது தராசும் நைட்ரஜனும். தவிர்க்கக் கூடாதவையும் அவையே.

திரவ ஆர்-134ஏ வெளிக்காற்றில் கழித்தல் 26 டிகிரியில் கொதிக்கிறது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் ஒரு நட்டையும் தளர்த்தாதீர்கள். காற்றைவிடக் கனமான கேஸ் என்பதால் சர்வீஸ் பள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது. அருகில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் வேண்டாம். நெருப்பில் பட்ட கேஸ் நச்சுப் புகையாக மாறும். கேஸ் டின்னைச் சூடாக்க வேண்டுமென்றால் கை பொறுக்கும் வெந்நீர் போதும். இன்ஜின் ஓடும்போது டின்னுக்கு ஹை பக்கத்து வால்வைத் திறந்தால் டின் வெடிக்கும்.

4. கேஜ் மாட்டிப் படிப்பது

பருமனான குழாயில் கேஜ் மாட்ட இருக்கும் 13 மி.மீ. நிப்பிள் லோ பக்கம்; அங்கே நீலக் கப்ளர். மெல்லிய குழாயில் இருக்கும் 16 மி.மீ. நிப்பிள் ஹை பக்கம், அங்கே சிவப்பு. அளவு வேறு என்பதால் மாற்றி மாட்ட முடியாது. இன்ஜினை நிறுத்தி, வண்டியை நிழலில் ஒரு மணி நேரம் விட்டு, இன்ஜின் ஆறியபின் முதல் அளவை எடுங்கள். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும்.

குழாய்க்குள் கொஞ்சமாவது திரவம் இருந்தால், அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 30 டிகிரியில் சுமார் 97 பவுண்டு, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133. இதைவிடத் தெளிவாகக் குறைந்து, 50, 60 என்று காட்டினால் கேஸ் மிகவும் குறைவு. இதைவிட 15, 20 பவுண்டு கூடுதலாகக் காட்டினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. மொத்தத்தையும் இறக்கிப் புதிதாகத்தான் நிரப்ப வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 114 பவுண்டு காட்டுகிறது என்பதால் கேஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 200 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும், அதே வெப்பநிலையில் நிற்கும் வண்டியில் முள் அதே இடத்தில்தான் நிற்கும். கேஜை மட்டும் பார்த்து "கேஸ் இருக்கு", "கேஸ் கம்மி" என்று தீர்ப்பு சொல்வதில் நடக்கும் தவறெல்லாம் இதை மறப்பதால் வருபவை.

உள்ளே கேஸ் மீதி இருந்தால் திறந்து காற்றில் விடாதீர்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது. ரெக்கவரி மெஷின் உள்ள பட்டறையில் இழுத்து எடுத்துக்கொண்டால், எத்தனை கிராம் மீதி இருந்தது என்ற எண்ணும் கிடைக்கும். அதை வைத்துக் கசிவு பெரிதா சிறிதா என்று கணிக்கலாம்.

5. கசிவைத் தேடுவது

கேஸ் வெளியேறும் இடத்தில் கூடவே ஆயிலும் கசியும். ஆயிலில் தூசி ஒட்டும். அதனால் முதலில் கண்ணால் தேடுங்கள். எண்ணெய்ப் பசையோடு கறுத்த இடம் எங்கே தெரிந்தாலும் அது சாட்சி.

சென்னை வண்டிகளில் முதல் இடம் கண்டென்சரின் கீழ்ப்பகுதி. கல்லடியும் உப்பும் சேறும் அங்கேதான் சேரும். ஈசிஆர் ஓரமும் துறைமுகப் பக்கமும் ஓடும் வண்டிகளில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அடுத்தது கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல். கிளட்சுக்குப் பின்னாலும், அதற்கு நேர் மேலே பானெட்டின் உட்பக்கத்திலும் ஆயில் தெறித்த கோடு இருக்கும். பிறகு ஹோஸும் அலுமினியக் குழாயும் சேரும், அழுத்திப் பிடித்த இடமான கிரிம்ப், ஒவ்வொரு ஜாயிண்டின் ஓ-ரிங், நிப்பிளுக்குள் இருக்கும் பின் வால்வு. அந்த நிப்பிளின் பிளாஸ்டிக் மூடி அழகுக்காக வைத்ததல்ல, அதுவும் ஒரு சீல். தொலைந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் நைட்ரஜன். சிலிண்டருக்குள் 2,000 பவுண்டுக்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் இணைப்பது உயிருக்கு ஆபத்து. 150 பவுண்டு ஏற்றி, வால்வை மூடி, நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடமாவது பாருங்கள்; சிறிய கசிவு வெண்ணுரையாக மெதுவாகத்தான் எழும். கிளட்ச் தட்டைக் கையால் திருப்பித் திருப்பி ஷாஃப்ட் சீலையும் பாருங்கள். அரை மணி நேரத்தில் முள் அசையக் கூடாது. ஆனால் வெயிலில் நின்ற வண்டி நிழலுக்கு வந்து 10 டிகிரி ஆறினால், கசிவு இல்லாமலே சுமார் 5 பவுண்டு இறங்கும். அதைக் கசிவு என்று நினைக்க வேண்டாம்.

எலெக்ட்ரானிக் டிடெக்டர் வைத்துத் தேடுவதானால், முதலில் 30, 40 கிராம் ஆர்-134ஏ விட்டு அதன் மேல் நைட்ரஜன் ஏற்றுங்கள். வெறும் நைட்ரஜனை அந்தக் கருவி உணராது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைச் சோதிக்க, புளோயரை நிறுத்தி கால் மணி நேரம் காத்திருந்து, டிரெயின் ஹோஸின் வாயில் டிடெக்டர் முனையை வையுங்கள். கனமான கேஸ் அங்கேதான் இறங்கி வரும்.

நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரஸர் காற்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஈரத்தை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் இணைக்கக் கூடாது. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டின்னில் வரும் கசிவு அடைக்கும் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள். ஈரம் பட்டதும் இறுகும் தன்மையால்தான் அது ஓட்டையை அடைக்கிறது. அதே வேலையை, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்குள்ளும் செய்யக்கூடும்.

6. பழுதும் பாகமும்

ஜாயிண்டைத் திறக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க. ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொண்டு கிழியும். திறந்த வாயை உடனே மூடியோ டேப்போ வைத்து அடையுங்கள். புது ஓ-ரிங்கில் கம்ப்ரஸர் ஆயிலைத் தடவி, கையால் நட்டைப் பிடித்தபின் ஸ்பேனர் போடுங்கள்.

ஓட்டை விழுந்த கண்டென்சரை வெல்டிங் வைப்பது பெரும்பாலும் நிலைப்பதில்லை. உப்பரித்த அலுமினியத்தில் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை வரும். கண்டென்சரைப் புதிதாகவே போடுங்கள். ஹோஸ் மட்டும் போயிருந்தால் இரு முனையையும் வைத்துக்கொண்டு, ஏசிக்கென்றே வரும் பேரியர் ஹோஸில் புதிதாக கிரிம்ப் செய்து தருவார்கள்.

சிஸ்டத்தைத் திறந்தால் டிரையரை மாற்றுங்கள். உள்ளே உள்ள ஈரம் உறிஞ்சும் மணிகள் சென்னைக் காற்றில் சீக்கிரமே நிரம்பிவிடும். புது டிரையரின் மூடியை எல்லா வேலையும் முடிந்து, வேக்யூம் போடுவதற்குச் சற்று முன்புதான் கழற்ற வேண்டும்.

ஆயில் கணக்கு நுட்பமானது. எந்த ஆயில் என்பதைக் கம்ப்ரஸர் லேபிள் சொல்லும்: டென்ஸோ வகையில் பெரும்பாலும் பிஏஜி 46 (பிஏஜி ஒரு செயற்கை ஆயில் வகை, எண் அதன் தடிமன்), சாண்டனின் பழைய மாடல்களில் பிஏஜி 100. கண்டென்சர் மாற்றினால் 30 மி.லி., கூலிங் காயிலுக்கு 40 முதல் 50, டிரையருக்கு 10 முதல் 15, ஹோஸுக்கு 10 என்று சேர்ப்பது பொதுவான நடைமுறை. கம்ப்ரஸர் மாற்றினால் பழையதைக் கவிழ்த்து வடித்து அளக்கவும். பழையதிலிருந்து 90 மி.லி. வந்து, புதியதில் 180 நிரப்பி வந்திருந்தால், புதியதிலிருந்து 90-ஐ வடித்துவிட வேண்டும். மீதி ஆயில் குழாய்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆயில் அதிகமானால் கூலிங் காயிலின் உள்சுவரில் படிந்து குளிர்ச்சியைத் தடுக்கும்; குறைந்தால் கம்ப்ரஸர் போகும். பிஏஜி ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் என்பதால் பாதி திறந்த பழைய பாட்டிலை வாங்காதீர்கள்.

வடித்த ஆயில் கறுப்பாகவோ, வெள்ளி மினுமினுப்போடோ இருந்தால் கம்ப்ரஸர் உள்ளே உடைந்திருக்கிறது. அப்போது கம்ப்ரஸரோடு கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் மாற்ற வேண்டும். இன்றைய கண்டென்சரின் ஊசித்துளைக் குழாய்களை எத்தனை ஃபிளஷ் ஊற்றினாலும் முழுதாகக் கழுவ முடியாது. மற்ற குழாய்களை ஏசி ஃபிளஷ் திரவத்தால் கழுவி நைட்ரஜனால் காயவையுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம்.

புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை என்பது சென்னையில் தெரிந்த வழி. புதுப்பேட்டையில் கம்ப்ரஸர் வாங்கினால் குழாய் வாய் இரண்டும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்த வாயோடு மழையிலும் தூசியிலும் கிடந்தது எந்த விலைக்கும் வேண்டாம். நடு ஹப்பைக் கையால் சுற்றினால் சீரான தடையோடு சுற்ற வேண்டும். கடகடத்தாலோ தடையே இல்லாமல் சுழன்றாலோ விட்டுவிடுங்கள். ஒரு விரலை டிஸ்சார்ஜ் வாயில் வைத்து ஹப்பைச் சுற்றினால் காற்று தள்ளுவது தெரிய வேண்டும். ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் சொட்டவிட்டு நிறம் பாருங்கள். லேபிளில் ஆர்-134ஏ என்று இருக்க வேண்டும். காயில் ஓமை அளக்க மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

7. வேக்யூம்

வேக்யூம் போடுவதன் முக்கிய நோக்கம் காற்றை எடுப்பதோடு, உள்ளே உள்ள ஈரத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக எடுப்பது. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க, லோ முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, சுமார் 28.7 அங்குல (பாதரச அளவு) வேக்யூமைத் தாண்ட வேண்டும். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல பம்ப் இங்கே 29-ஐத் தாண்டிப் போகும். 27-லேயே நின்றால் பம்ப் ஆயிலை மாற்றுங்கள், அல்லது கசிவு மீதி இருக்கிறது.

இரண்டு வால்வையும் திறந்து குறைந்தது 45 நிமிடம் ஓட்டுங்கள். மழைக்காலத்திலோ, சிஸ்டம் பல நாள் திறந்து கிடந்திருந்தாலோ ஒன்றரை மணி நேரம். பிறகு வால்வுகளை மூடி, பம்பை நிறுத்தி, அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். அசையவில்லையென்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் மீதி. பம்பை மறுபடி ஓட்டுங்கள். நிற்காமல் பூஜ்யத்தை நோக்கி ஏறினால் கசிவு. ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள். வேக்யூம் நின்றால் கசிவே இல்லை என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். உள்ளிழுப்பில் மூடிக்கொண்டு, அழுத்தத்தில் மட்டும் திறக்கும் ஓ-ரிங் உண்டு. நைட்ரஜன் சோதனை அதற்காகத்தான்.

8. எடை பார்த்து கேஸ் நிரப்புவது

எத்தனை கிராம் என்பது பானெட்டின் உட்பக்கத்திலோ ரேடியேட்டர் மேல்தகட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பிக்கப்களில் பெரும்பாலும் 450 முதல் 650 கிராமுக்குள் வரும். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் அதே மாடல், அதே வருட வண்டியைத் தேடிப் பாருங்கள், அல்லது சர்வீஸ் மேனுவல். "ஒரு டின் அடிச்சாச்சு" என்பது அளவல்ல.

டின்னை மாட்டியதும், டின்னையும் மேனிஃபோல்டையும் இணைக்கும் மஞ்சள் ஹோஸின் மேனிஃபோல்ட் முனையை ஒரு நொடி தளர்த்தி, ஹோஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். டின்னைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். இன்ஜின் நின்ற நிலையிலேயே டின்னைத் தலைகீழாக்கி, ஹை பக்கத்து வால்வைத் திறந்து திரவமாக விடுங்கள். வேக்யூம் இழுப்பதால் சுமார் 250 கிராம் தானாகவே போகும். ஹை வால்வை இறுக்கமாக மூடுங்கள். இனி இன்று அதைத் தொடக் கூடாது. பத்து நிமிடம் விட்டு, கிளட்ச் தட்டைக் கையால் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். கம்ப்ரஸருக்குள் திரவம் தேங்கியிருந்தால் முதல் சுற்றிலேயே உள்வால்வு உடைந்துவிடும். இந்தச் சுற்று அதைத் தவிர்க்கும்.

இப்போது இன்ஜினை ஓட்டி, 1,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி, ஏசி முழுக் குளிர், புளோயர் முழு வேகம், கதவுகள் திறந்த நிலை. டின்னை நேராக நிமிர்த்தி, லோ வால்வைச் சிறிதளவே திறந்து ஆவியாக விடுங்கள். லோ முள் 50-ஐத் தாண்டாதபடி கையால் கட்டுப்படுத்துங்கள். ஸ்டிக்கர் அளவை எட்டியதும் மூடிவிட வேண்டும். ஹோஸுக்குள் நிற்கும் 20, 30 கிராமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "வெயில் அதிகம், 50 கிராம் கூட இருக்கட்டும்" என்ற எண்ணம் தப்பு. கூடுதல் கேஸ் கண்டென்சருக்குள் திரவமாக இடத்தை அடைத்து, ஹை அழுத்தத்தை ஏற்றி, கூலிங்கைக் குறைக்கும்.

9. ஓடும்போது முள் சொல்வது

வெளியே 35 டிகிரி, 1,500 ஆர்பிஎம், கதவு திறந்த நிலையில் லோ 30 முதல் 45, ஹை 200 முதல் 260 பவுண்டு இருந்தால் நல்லது. கத்திரி வெயிலில் 40 டிகிரியில் ஹை 290 வரை போவதைக் கண்டு பயந்து கேஸை இறக்க வேண்டாம். கதவை மூடி, உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓட்டினால் நடு வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வர வேண்டும். ஈரம் அதிகமான நாளில் இரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும்.

இரண்டு முள்ளும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரைக் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள்: ஹை சட்டென்று 50 பவுண்டுக்கு மேல் இறங்கி, வென்ட்டும் குளிர்ந்தால் குறை விசிறியிலோ அடைப்பிலோ, பெரிதாக மாறவில்லையென்றால் கேஸ் அதிகம், அல்லது காற்று கலந்திருக்கிறது. லோ உயர்ந்து, ஹை தாழ்ந்து, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. லோ பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழோ போனால் எங்கோ அடைப்பு. குழாயைத் தடவிக்கொண்டே போங்கள். சூடு திடீரென்று குளிராக மாறும் இடமே அடைப்பு. டிரையரின் வெளிவாயில் வியர்த்தால் டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வில் பனி பிடித்தால் வால்வு. முதல் இருபது நிமிடம் ஜில்லென்று வந்து, பிறகு லோ முள் வேக்யூமுக்குப் போய், ஏசியை நிறுத்திக் கொஞ்சம் கழித்துப் போட்டால் மறுபடி குளிர்ந்தால், உள்ளே ஈரம் உறைகிறது. டிரையரை மாற்றி நீண்ட வேக்யூம் போடுவதைத் தவிர வழியில்லை.

10. எந்த கேஸ் வாங்குவது

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எல்லா டின்னுக்குள்ளும் ஆர்-134ஏ இருப்பதில்லை. எரியும் ஹைட்ரோகார்பன் கலந்தவை உண்டு. அதைவிட மோசம் மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்களின் யூனிட்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்ததற்கு, ஆர்-134ஏ என்ற பெயரில் விற்ற இந்தப் போலிக் கலவையே காரணம். நம்பகமான கடையில், சீல் உடையாத, தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள டின்னை பில்லோடு வாங்குங்கள். சமையல் கேஸை ஏற்றித் தருகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்; கூலிங் காயில் கசிந்தால் அந்த கேஸ் நேராக கேபினுக்குள் வரும்.

ஆர்-134ஏ-வுக்கு முந்தைய கேஸான ஆர்-12 காலத்து ஏசி பொருத்திய மிகப் பழைய வண்டி என்றால், மினரல் ஆயிலை முழுக்கக் கழுவி, ஓ-ரிங், டிரையர், ஆயில் மூன்றையும் மாற்றி, கன்வர்ஷன் நிப்பிள் போட்டு, பழைய அளவில் 80 முதல் 85 சதவீதம் மட்டும் ஆர்-134ஏ நிரப்ப வேண்டும்.

11. வேலை முடிந்தபின்

கப்ளர்களைக் கழற்றி, பின் வால்வில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து மூடியைப் போடுங்கள். தேதி, நிரப்பிய கிராம், சேர்த்த ஆயில், அன்றைய வெளி வெப்பநிலை, லோ, ஹை அளவுகள் ஆகியவற்றை எழுதி பானெட்டின் உட்பக்கம் ஒட்டுங்கள். அடுத்து யார் திறந்தாலும் ஊகத்தில் தொடங்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து அதே வெப்பநிலையில், அதே ஆர்பிஎம்மில் அளந்து ஒப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசி தேவைப்படாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஷாஃப்ட் சீலுக்கு ஆயில் போய்ச் சேர்வது கம்ப்ரஸர் சுற்றும்போது மட்டுமே. மூன்று மாதம் சும்மா நின்ற சீல் காய்ந்து, பங்குனியில் கசியத் தொடங்கும்.